கை நீட்டினால் வரும் பணமல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தொழில் இணைப்பில், "வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டு ஆராய்ச்சி செய்ய அரசு பணம் தருகிறது, சிறு தொழிற்கூடங்கள்தான் வாங்கிக்கொள்ள முன்வருவதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். கேரளத்தின் பாலக்காட்டுத் தொழிற்பகுதியான கஞ்சிக்கோட்டில் அதைப் படித்தவர்கள் மனம் நொந்துபோனோம்.

இந்தியா–இஸ்ரேல் தொழில் ஆராய்ச்சி நிதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் இரு நாடுகளும் சரிபாதியாக, ஐந்தாண்டுக்கு 4 கோடி டாலர் என்று அறிவித்தன. ஏற்கப்பட்ட செலவில் அதிகபட்சம் பாதிதான் மானியம். நம் பங்குச் செலவு 60 லட்சம் ரூபாய் என்றால் 30 லட்சம் கைக்காசு. தவணைகளும் கணக்கைச் சரிபார்த்த பிறகே நகரும். அதுவரை கூலி, உலோகம், சோதனைக் கட்டணம் எல்லாம் வங்கிக் கடனில் ஓட வேண்டும்.

கணக்கில் எது அடிபடும் தெரியுமா? லேத் போடுகிறவர் காலையில் வாடிக்கையாளர் கொடுத்த ஜாப் ஆர்டர், மதியம் ஆராய்ச்சி வேலை பார்ப்பார். அன்றன்றைக்கே மணிக்கணக்கு எழுதி அவரும் மேற்பார்வையாளரும் கையெழுத்துப் போடாவிட்டால் அவர் சம்பளத்தைத் தணிக்கையாளர் அடித்துவிடுவார். மாதக் கடைசியில் ஒரே மையில் முப்பது நாளையும் நிரப்பிய தாள் பார்த்தவுடனே தெரிந்துவிடும். உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும் ஜிஎஸ்டியைச் செலவில் சேர்த்தாலும் அதே கதிதான். கூட்டாளி இலவசமாக அனுப்பும் மாதிரிக்கும் சுங்கத்தில் விலை காட்டியே ஆக வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒரு வால்வின் சீட் (வால்வு மூடும்போது பொருந்தி உட்காரும் பாகம்) ஒன்றை நாம் பத்து வருடமாகச் செய்துவருகிறோம் என்றால், அந்த வரைபடத்தைத் தேதியோடு ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் சேர்த்து, "இது முன்பே எங்களுடையது" என்று எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் திட்டத்தில் பிறந்ததோடு அதுவும் கலந்துபோகும். எந்த நாட்டில் யார் விற்பது என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். ஒவ்வொரு நாடும் தன் நிறுவனத்துக்கு மட்டுமே பணம் தருவதால், அந்தப் பக்கம் நிராகரித்தால் இந்தப் பக்கமும் நின்றுவிடும். இதில் ஒரு வரிகூட உங்கள் கட்டுரையில் இல்லை.

போதாததற்கு, ஐரோப்பாவின் கூட்டு ஆராய்ச்சி நிதித் திட்டமான யூரோஸ்டார்ஸுக்கு விண்ணப்பிக்கலாம் என்று வழி காட்டியிருக்கிறீர்கள். நம் நாடு அதில் பங்கேற்கும் நாடல்ல. இங்கிருந்து அதை நம்பி மூன்று மாதம் காகிதம் தயாரிப்பவருக்கு யார் பதில் சொல்வது?

இதையும் சொல்லிவிடுகிறேன். மாநில எல்லையான வாளையார் தாண்டி வருகிற உங்கள் இதழில் எங்கள் ஊர் எப்போதும் "கோவை அருகே"தான். தமிழ்நாட்டு அரசின் தொழில் மானியங்கள் எங்களுக்குப் பொருந்தாது. கேரள அறிவிப்புகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. எங்கள் மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் தமிழில் படித்து வளர்ந்து பட்டறை வைத்திருப்பவர்கள் உங்களைத்தான் நம்பியிருக்கிறோம். இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. யூரோஸ்டார்ஸ் பற்றிய பிழைக்குத் திருத்தம் போடுங்கள். இந்தியா சேர்ந்துள்ள கூட்டு ஆராய்ச்சி அழைப்பு வரும்போதெல்லாம் கூட்டாளி நாடு, கடைசித் தேதி, மானிய விகிதம் மூன்றையும் பாலக்காடு பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
கஞ்சிக்கோடு, பாலக்காடு மாவட்டம்