1429-க்கு ஒரு பீரியட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஏழாம் வகுப்பில் விஜயநகரப் பாடம், ஹரிஹரர், புக்கர் என்று ஆரம்பித்ததுமே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று போனில் சொன்னாயே. ராஜாக்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும். ஒரு பீரியடை 1429-க்கு ஒதுக்கு.

விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயர் ஆட்சி. நம் மாயவரம் பக்கத்துக் கொறுக்கைக் கோயில் கல்வெட்டின் சாரம் இது: விளைச்சலைப் பார்த்து வரி போடாமல் அநியாயமாகத் தண்டினார்கள்; ஊரைவிட்டே ஓடிவிட இருந்தோம்; மண்டலத்தார் ஒன்றுசேராமல் இருந்ததால்தான் இந்தக் கொடுமை என்று அப்புறம் உணர்ந்தோம்; இனி விளைந்ததற்கு உரியதைக் கொடுப்போம், முறைகெட்டுக் கேட்பதைத் தரமாட்டோம். ராஜாவின் புகழான மெய்க்கீர்த்தியைப் பாடுகிற கல்லில் குடிகள் பேசுகிறார்கள், பார்.

ஓடிவிட இருந்தோம் என்கிற இடத்தில் பாடத்தை நிறுத்து. உழுகிறவன் போய்விட்டால் நிலம் தரிசு, அதிகாரி யாரிடம் போய்த் தண்டுவான்? ஆனால் நட்ட வயலை விட்டுப் போக மனசு வருமா? பிள்ளைகளே பேசட்டும். உன் வகுப்பில் பாதிப் பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அந்தக் காலத்தில் தறிக்கும் செக்குக்கும்கூட வரி உண்டு என்று சொல்லிப் பார், நிமிர்ந்து உட்காருவார்கள்.

சாதிப் பேச்சு வரும் என்று தயங்காதே. அன்று சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு பெரிய அணிகளாக இருந்தன, அணிக்கு 98 சாதி என்பது கணக்கு. அந்த வலங்கை 98, இடங்கை 98 சேர்ந்து எடுத்த முடிவு இது. அதை மறைத்தால் பாடத்தில் என்ன மிஞ்சும்? அதிகாரிகளோடு கைகோத்த பிராமண, வெள்ளாள நிலக்காரர்களையும் அந்தக் காலக் கல்வெட்டுகள் சாடுகின்றன. நம் முன்னோர் எந்தப் பக்கம் நின்றார்களோ! அதற்காக எல்லாரும் அண்ணன் தம்பியாக வாழ்ந்தார்கள் என்றும் அளந்துவிடாதே. இதே வலங்கையும் இடங்கையும் 1707-ல் சென்னைப் பட்டணத்தில் எந்தத் தெரு யாருக்கு என்று அடித்துக்கொண்டார்கள். வரி விஷயத்தில் சேர முடிந்தவர்களுக்குத் தெரு விஷயத்தில் ஏன் முடியவில்லை? எனக்கே இதற்கு நேரான விடை கிடையாது. உன் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று எழுது.

பரீட்சைக்கு வருமா டீச்சர் என்று ஒருவன் கட்டாயம் கேட்பான். வகுப்புத் தேர்வுக்குக் கேள்வித்தாள் எடுப்பது நீதானே, ஐந்து மார்க்குக்குக் கேட்டுவிடு.

அன்புடன்,
அப்பா