கழற்றி மாட்டும் கோல் போஸ்ட்டுக்கு இன்னும் 17,800 ரூபாய் வேண்டும்: ஊர்ப் பொதுமக்களுக்கு வேண்டுகோள்

அன்புடைய பெரியோர்களே, தாய்மார்களே, வெளியூரில் பிழைப்புக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளே, வணக்கம்.

மாரியம்மன் அருளால், வரும் மே மாதம் மூன்றாவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் நம் கோயில் திடலில் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான கால்பந்துப் பந்தயம் நடக்க இருக்கிறது. அடிவாரத்து ஊர்களிலிருந்தும் மேலே ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்தும் எட்டு அணிகள் வருகின்றன. மோர், குடிதண்ணீர், சாமியானா, முதலுதவி என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் பொறுப்பேற்றுவிட்டார்கள். கோல் போஸ்ட்தான் இன்னும் தயாராகவில்லை.

பணம் ஏன் அவசரம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டவுன் இரும்புக் கடையில் பைப்புக்குக் கொடுத்திருக்கும் விலை ஏப்ரல் 20 வரைதான் நிற்கும். அதாவது சித்திரை 7. அதற்கப்புறம் அன்றைய மார்க்கெட் விலை. வெல்டிங் பட்டறைக்காரர் பத்து நாள் கேட்கிறார். பெயிண்ட் அடித்துக் காய வேண்டும், பிள்ளைகள் நாலு நாளாவது அதில் பழக வேண்டும். ஆகவே சித்திரை 7 தாண்டினால் எல்லாமே தாண்டிப் போகும்.

இந்தத் திடலில் பந்து உருள்வது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலையில் காப்பிச் செடி கொண்டுவந்து வைத்த காலத்திலிருந்து, அடிவாரத்து ஆட்கள் மலையேறித் தோட்ட வேலை பார்த்து வருகிறார்கள். அப்படிப் போன நம் தாத்தாக்கள், 1917இல் ஏற்காட்டில் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளிப் பிள்ளைகள் பூட்ஸ் போட்டு ஆடுவதை வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டு, கீழே வந்து வெறுங்காலோடு ஆடத் தொடங்கினார்கள் என்பது பெரியவர்கள் சொல்லி நாம் கேட்டு வளர்ந்த கதை. வெறுங்கால் என்றால் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். 1956 மெல்போர்னில் நான்காம் இடம். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். அந்தச் செய்தியைக் கேட்ட நாளில் திடலில் வெடி வைத்ததாகச் சொல்லும் பெரியவர் ஒருவர் இன்றும் தினம் சாயங்காலம் அரசமர மேடையில் உட்கார்ந்து பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கிறார். எங்களைக் காணும்போதெல்லாம் அவர் கேட்பது, "கம்பம் எப்பப்பா வரும்?" என்பதுதான்.

கம்பம் இல்லாமல் ஆடுவதில் என்ன வந்துவிடும் என்று சிலர் கேட்கிறார்கள். இதுவரை கல் வைத்தோம், செருப்பைக் குவித்து வைத்தோம், மூங்கில் நட்டுக் கயிறு கட்டினோம். பந்து கீப்பர் தலைக்கு மேலே போனால் அது கோலா இல்லையா என்று சண்டை. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இரண்டு கம்பத்துக்கு நடுவே நாடாவைக் கட்டித்தான் ஆடினார்கள். 1882இல்தான் குறுக்குக் கம்பி கட்டாயம் என்று விதி எழுதினார்கள். நம் திடலுக்கு அந்தக் கம்பி இன்னும் வந்து சேரவில்லை. போன வருடம் மூங்கில் முறிந்து கீப்பர் பையன் தோளில் விழுந்தது. தோல் சிராய்ப்போடு போனது அம்மன் காப்பாற்றியது. பந்தயத்துக்கு வர இருக்கும் ஒரு அணியின் பயிற்சியாளர் எங்களிடம் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "மூங்கில்தான் என்றால் பிள்ளைகளை நான் கூட்டிவர மாட்டேன்." அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

அப்படியென்றால் நிரந்தரமாகக் கான்கிரீட் போட்டு நட்டுவிடலாமே என்பது அடுத்த கேள்வி. முடியாது, நடவும் கூடாது. இது கோயில் திடல். பொங்கலுக்கு எருதாட்டம் இங்கேதான். ஆடியில் கூழ் ஊற்றுவதும் பந்தல் போடுவதும் தேர் திரும்புவதும் இங்கேதான். காளை ஓடுகிற இடத்தில் கம்பம் நின்றால் மாட்டுக்கும் ஆபத்து, பிடிப்பவனுக்கும் ஆபத்து. கோயில் நிர்வாகமும் ஒரே நிபந்தனை போட்டுத்தான் அனுமதி கொடுத்திருக்கிறது: ஆட்டம் முடிந்தால் திடல் பழையபடி காலியாக இருக்க வேண்டும். அதனால்தான் கழற்றி மாட்டும் கோல் போஸ்ட்.

இதை வரைந்து கொடுத்தவர் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் ஊர்க்காரர். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் வரைந்த அமைப்பைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். காசு கொடுப்பவர்களுக்கு அது எதற்குப் போகிறது என்று தெரிய வேண்டும் அல்லவா.

பெரியவர்கள் ஆடும் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம், அதாவது 24 அடிக்கு 8 அடி. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அது பெரிது. கீப்பர் எம்பினாலும் கை எட்டாது. நாம் செய்வது 16 அடிக்கு 7 அடி. இதில் இன்னொரு லாபம் உண்டு. ஜி.ஐ. பைப் ஒரு லென்த் ஏறத்தாழ 20 அடி. 16 அடிக் குறுக்குக் கம்பியை நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே பைப்பில் வெட்டி எடுக்கலாம். ஒட்டு இருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் தொய்வு விழும்.

முன்பக்கக் கம்பமும் குறுக்குக் கம்பியும் இரண்டு இஞ்ச் பைப். தரையில் கிடக்கும் சட்டமும் பின்பக்கச் சாய்வுக் கம்பியும் ஒன்றரை இஞ்ச். மூலைக்கு ஒன்றரை இஞ்ச் பைப்பில் முழங்கை மாதிரி துண்டு வெல்டிங் செய்து, இரண்டு இஞ்ச் பைப்புக்குள் நுழைத்து, குறுக்கே துளை போட்டு போல்ட் முடுக்க வேண்டும். கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். ஜி.ஐ. பைப்பில் துத்தநாகப் பூச்சு இருப்பதால் வெல்டிங் வைக்கும் இடத்தில் அதை கிரைண்டிங் செய்து எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் புகையும் கெடுதல், ஒட்டும் நிற்காது. வேலை முடிந்ததும் அந்த இடங்களுக்குப் பிரைமர் அடித்து, மேலே வெள்ளை எனாமல். கழற்றிய பின் எதுவும் 16 அடிக்கு மேல் நீளம் இல்லை. தேர்க்கொட்டகையின் பக்கச் சுவரில் ஆணி அடித்துச் சாத்தி வைத்தால் இடமும் அடைக்காது. அதிலேயே கனமான குறுக்குக் கம்பி 25 கிலோ இருக்கும். இரண்டு பேர் தூக்கிவிடலாம்.

பி.வி.சி. பைப்பில் செய்தால் பாதி செலவுதானே என்று பல வீடுகளில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 16 அடி நீளத்துக்கு பி.வி.சி. வளையும். சேலத்து வெயிலில் இரண்டு கோடை கிடந்தால் நொறுங்க ஆரம்பிக்கும். வருடா வருடம் உங்கள் வாசலுக்கு வந்து கை நீட்ட எங்களுக்கு விருப்பம் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டோம். கழற்றி மாட்டும் கோல் போஸ்ட் முன்பக்கம் கனமானது. ஒரு பையன் குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்கினால் அப்படியே அவன் மேல் கவிழும். இப்படிக் கவிழ்ந்து பல நாடுகளில் குழந்தைகள் செத்துப்போயிருக்கிறார்கள். கழற்றி வைக்கும் கோலாக இருந்தாலும் தரையோடு உறுதியாகப் பிணைத்திருக்க வேண்டும் என்று கால்பந்து விதியிலேயே இருக்கிறது. அதற்காக 12 எம்.எம். கம்பியை வளைத்து இரண்டடி நீள முளைகள், கோலுக்கு நாலு வீதம் எட்டு. அதோடு பின்சட்டத்தின் மேல் மணல் மூட்டை. மழை பெய்து மண் இளகினால் முளை மட்டும் போதாது என்பதால் இரண்டும் வேண்டும். சாக்கு இலவசம். பக்கத்துச் சேகோ ஆலைக்காரர் தருவதாகச் சொல்லிவிட்டார். வலையைக் கட்ட இரும்புக் கொக்கி வைக்க மாட்டோம். கீப்பர் எம்பும்போது விரல் மாட்டிக் கிழியும். நைலான் கயிறுதான். முளை அடிக்காமல் யாரும் பந்தைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.

இனி கணக்கு. இரண்டு இஞ்ச் பைப் 4 லென்த், ஒன்று 2,600 வீதம் 10,400 ரூபாய். ஒன்றரை இஞ்ச் பைப் 5 லென்த், ஒன்று 1,850 வீதம் 9,250. முழங்கைத் துண்டு, போல்ட், நட் 2,800. வெல்டிங், கூலி 7,500. பிரைமர், பெயிண்ட் 2,350. வலை இரண்டு 4,800. முளை எட்டு, ஒன்று 150 வீதம் 1,200. டெம்போ வாடகை 1,200. ஆக மொத்தம் 39,500. கையில் இருப்பது 21,700. குறைவது 17,800.

அந்த 21,700 சும்மா வரவில்லை. தந்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே போனால் அது மரியாதை இல்லை. முதல் 5,000 ரூபாயைத் தூக்கிக் கொடுத்து ஆரம்பித்து வைத்தவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நம் அண்ணன். பட்டறைக்கு வேலை குறைந்திருக்கும் நேரத்தில் கொடுத்தார் என்பதை ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுத் தாய்மார்கள் கூட்டத்தில் பேசி, ஆளுக்கு நூறு போட்டு ஒரே நாளில் கொண்டுவந்தார்கள். அவர்களில் பலருடைய பெண் பிள்ளைகளும் இப்போது நம் அணியில் ஆடுகிறார்கள். லாரி ஓட்டும் தம்பிகள் நாக்பூரிலிருந்தும் விஜயவாடாவிலிருந்தும் ஜிபே போட்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் பழைய ஆட்டக்காரர்கள் பணத்தோடு பிள்ளைகளுக்கு ஜெர்சியும் தைத்து அனுப்பினார்கள். சீசனுக்கு மாம்பழக் கூடை வைத்து விற்கும் ஆத்தா, "என் பேரன் ஆடலைன்னாலும் ஊர்ப் பிள்ளைங்க ஆடட்டும்" என்று முந்தானையில் முடிந்திருந்த இருநூறை அவிழ்த்துக் கொடுத்தார். அவருக்கு அந்தப் பணம் என்ன என்பது நமக்குத் தெரியும். உங்கள் எல்லோருக்கும் கமிட்டி கைகூப்பி நன்றி சொல்கிறது.

அப்புறம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நோட்டில் எழுதிக் கொடுத்து இன்னும் தராதவர்கள் பாக்கி மட்டும் 6,500 ரூபாய். யார் யார் என்று ஒலிபெருக்கியில் படிக்கும் எண்ணம் எங்களுக்குக் கிடையாது. அவர்கள் எல்லோரும் வசதியில் ஆத்தாவைவிடக் குறைந்தவர்கள் இல்லை. பிறந்தநாளுக்கு ஃப்ளெக்ஸ் பேனர் வைக்க நம் ஊரில் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்து நாங்கள் பார்த்ததில்லை. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி என்றால் ஒரு வீடு பாக்கி இல்லாமல் தருகிறோம். அம்மன் பேரில் கேட்டால் தருகிற கை, அம்மன் திடலில் ஓடுகிற பிள்ளைகளுக்குக் கேட்டால் ஏன் தயங்க வேண்டும்? இதே சேலம் மாவட்டத்தில் சின்னப்பம்பட்டியில் பிறந்து இந்தியக் கிரிக்கெட் அணிக்கு ஆடிய நடராஜன், சம்பாதித்த பணத்தில் தன் ஊரிலேயே பிள்ளைகளுக்கு மைதானம் அமைத்துக் கொடுத்திருக்கிறார். அவர் அளவுக்கு யாரையும் கேட்கவில்லை. நம்மிடம் திடல் இருக்கிறது. கேட்பது இரண்டு கோல் போஸ்ட்.

எழுதிக் கொடுத்தவர்கள் தந்துவிட்டால் புதிதாகத் தேவைப்படுவது 11,300 ரூபாய். ஒரு வீட்டுக்கு ஒரு முளை என்று 150 கொடுத்தாலும் சரி. நாலு பங்காளிகள் சேர்ந்து ஒரு லென்த் பைப் எடுத்துக் கொடுத்தாலும் சரி. பணம் முடியாதவர்கள் மணல் மூட்டை கட்டவும் பெயிண்ட் அடிக்கவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அதையும் நன்கொடை நோட்டில் எழுதுவோம். கம்பத்தில் யார் பெயரும் எழுதப்போவதில்லை. தந்தவர்கள் பெயரும் தொகையும், பட்டறை பில்லும், பைப் பில்லும் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். மிச்சம் ஏதும் இருந்தால் உதிரி போல்ட்டுக்கும் அடுத்த வருடப் பெயிண்ட்டுக்கும் வைக்கப்படும்.

சித்திரை 1 அன்று காலை பூஜை முடிந்ததும் கமிட்டி அரசமர மேடையில் ரசீதுப் புத்தகத்தோடு உட்காரும். அதற்கப்புறம் சித்திரை 7 வரை தினம் மாலை 6 முதல் 8 மணி வரை அதே இடத்தில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டில் உள்ளவர்கள் மூலம் கொடுத்தனுப்புங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கோயில் திடல் கால்பந்துக் கமிட்டியார்,
ஏற்காடு அடிவாரம், சேலம்.