எதைத் தாளில் வைத்துக்கொள்வது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

சிங்கப்பூர் வீட்டில் அலமாரிக்கு இடம் போதவில்லை, தமிழ்ப் புத்தகங்களை இனிமேல் கிண்டிலிலேயே வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாதும்மா. ஒரு தடவை படித்து முடிக்கிற நாவலும் ரயிலில் புரட்டுகிற கட்டுரைத் தொகுப்பும் கிண்டிலில் இருக்கட்டும். எடை இல்லை, எழுத்தையும் பெரிதாக்கிக்கொள்ளலாம். பொருள் தேடவும் இணையம்தான் வசதி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியான லெக்சிகனின் ஆறு தொகுதிகளை இறக்கிப் புரட்டுவதைவிட அதன் இணையப் பதிப்பில் தேடினால் நொடியில் கிடைத்துவிடும். ஆனால், திரும்பத் திரும்பக் கையில் எடுக்கப்போகிற புத்தகம் தாளில்தான் இருக்க வேண்டும்.

முக்கியமாகச் செய்யுள். வெண்பாவில் முதல் மூன்று அடிக்கு நந்நான்கு சீர், ஈற்றடிக்கு மூன்று. அச்சில் அடி அடியாகவே நிற்கும். ஆறு அங்குலத் திரையில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே நான்காம் சீர் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். நாலடி ஏழு வரியாகிவிடும். எங்கே அடி முடிகிறது, எங்கே திரை உடைத்தது என்று கண்ணுக்குத் தெரியாது. உரைப் பதிப்பு என்றால் இன்னும் சிக்கல். மேலே பாட்டு, நடுவில் உரை, அடியில் பாடபேதம் (சுவடிக்குச் சுவடி மாறும் சொற்கள்) என்று மூன்றையும் ஒருசேரப் பார்ப்பதற்காகவே அந்தப் பக்கத்தை அப்படிக் கோத்திருக்கிறார்கள். உ.வே.சா. பதிப்பில் பாட்டுப் பக்கத்தில் ஒரு விரல், பின்னால் அரும்பத அகராதியில் ஒரு விரல் வைத்துக்கொண்டு படிக்கலாம். திரையில் அடிக்குறிப்பைத் தொட்டுப் போய்த் திரும்புவதற்குள் பாட்டின் ஓட்டம் அறுந்துபோகும்.

இன்னொன்று, உடைமை. மின்னூலுக்குப் பணம் கட்டினால் கிடைப்பது படிக்கும் உரிமம் மட்டும்தான். 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், அமேசான் வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது. பணம் திரும்ப வந்தது, புத்தகம் போய்விட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் அதேதான்; வாசகர்கள் எழுதிவைத்த குறிப்புகளும் சேர்ந்து போயின. வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வழியை 2025 பிப்ரவரி 26 முதல் அமேசான் எடுத்துவிட்டது.

தமிழுக்குத் தனியாக ஒரு பாடும் உண்டு. 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் எழுத்துகளைக் கணினியில் பதிய வேறு வேறு குறியாக்கத்தை வைத்திருந்தது. பாமினியில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று தரம் வகுத்தது. பிறகு யூனிகோடு நிலைபெற்றது. மாற்றப்படாத கோப்புகளெல்லாம் வழியில் நின்றுவிட்டன. அந்த வருடங்களில் அச்சான புத்தகத்தைப் பிரித்தால் இன்றைக்கும் படிக்கலாம்.

அதற்காகத் தாள் அழியாதது என்று நினைத்துவிடாதே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் அதில் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை வருடி (ஸ்கேன் செய்து) இணையத்தில் வைத்துவருவது எவ்வளவு பெரிய காரியம் என்று இதிலிருந்து புரியும். அரிய நூலுக்குத் தாள், வருடிய படி இரண்டும் வேண்டும்.

இனி வாங்கும்போது கவனிக்க வேண்டியது. புத்தகத்தின் முதுகை மேலிருந்து பார். சிறு சிறு மடிப்புகள் வளைந்து தெரிந்தால் ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த தாள்கட்டுகளாகத் தைத்தது. பதினாறு பக்க ஃபாரம் என்றால் 8–9, 24–25, 40–41 ஆகிய பக்கங்களுக்கு நடுவே தையல் நூல் தெரியும். மடிப்பே இல்லாமல் வெட்டிய தாள்கள் பசையில் நின்றால் அது பெர்ஃபெக்ட் பைண்டிங். வருடம் போகப்போக அந்தப் பசை இறுகும். விரியத் திறந்தால் முதுகு பிளந்து தாள் கழன்று வரும். ஒரு முறை படிக்கிற புத்தகத்துக்கு அது போதும், உரைப் பதிப்புக்குப் போதாது. ஒரு தாளை நெடுக்கிலும் குறுக்கிலும் மெல்ல வளைத்துப் பார். முதுகுக்கு இணையாகச் சுலபமாக வளைந்தால் நல்லது. எதிர்த்தால் தாளின் இழை குறுக்கே ஓடுகிறது என்று அர்த்தம். புத்தகம் படிந்து திறக்காது, ஈரக்காற்றில் ஓரம் நெளியும். நியூஸ்பிரிண்டில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருப்பதால் சீக்கிரம் பழுக்கும். மேப்லித்தோ என்கிற வெள்ளை அச்சுத்தாளாகப் பார்த்து வாங்கு. புதுப் புத்தகத்தை நடுவில் பிளக்காதே. முதுகை மேசையில் வைத்து, முன்னால் பத்துத் தாள், பின்னால் பத்துத் தாள் என்று மாற்றி மாற்றிப் படியவைத்துக்கொண்டே நடுவுக்கு வா.

சிங்கப்பூரில் பெரிய எதிரி ஈரம். அங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். 65ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். விலை குறைந்த ஈரப்பதமானி ஒன்றை அலமாரியில் வைத்து, 50க்கும் 60க்கும் நடுவே நிற்கிறதா என்று பார்த்துக்கொள். இரவு ஏ.சி. போட்டுப் பகலில் ஜன்னலைத் திறந்தால், குளிர்ந்த அட்டையில் வெளிக்காற்றின் ஈரம் படியும். அதனால் அலமாரியைப் படுக்கையறையில் வைக்காதே. வெளிச்சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வை. புத்தகங்களை நெருக்கி அடுக்காதே, காற்றுப் போக வழி வேண்டும். ராமபாணப் பூச்சி வருவது மைதாப் பசைக்காக. நாப்தலின் உருண்டை வேண்டாம், வீட்டில் குழந்தை இருக்கிறது. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைப்பார்கள். அப்படி முடிந்து தருகிறேன். குழந்தைக்கு எட்டாத மேல்தட்டில் வை, வாசனை போனதும் மாற்று. கிழிந்த தாளில் செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதே. அதன் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும்.

உரைப் பதிப்புகளை மட்டும் முதலில் அனுப்புகிறேன். பிரித்ததும் ஒவ்வொன்றின் முதுகையும் பார். பூச்சி அரித்த தடம் இருந்தால் அந்தப் புத்தகத்தை ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃபிரீசரில் இரண்டு வாரம் வை. வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதே, திறந்தால் தாளில் நீர் கோத்துவிடும். நாவல்களில் எவை வேண்டும் என்று பட்டியல் எழுது. மற்றவற்றை இங்கே கிளை நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா