அண்ணனுக்கு: தம்பி அந்த விடுதிக்குப் போகவில்லை

அன்புள்ள அண்ணனுக்கு,

அடுத்த மாதம் அம்மாவுக்கு முதலாம் ஆண்டுப் பூசை. அது முடிந்த மறுநாள், ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத நம் தம்பியை ஒரு விடுதியில் கொண்டுவிடுவதாக முடிவு செய்து முன்பணமும் கட்டிவிட்டீர்கள். அவன் அங்கே போகவில்லை. அவனுக்குச் சட்டப்படி பாதுகாவலராக என்னை நியமிக்கக் கேட்டு நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் பேச்சு செலவில் தொடங்கிச் செலவிலேயே முடிந்துவிடுகிறது. இப்படி எல்லாரும் பார்க்க எழுதுவதற்குக் காரணம் உண்டு. இவனைப் போல 18 முடிந்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடமும் கைவிட்ட பிறகு அடுத்தது என்ன என்று தெரியாமல் இருக்கும் குடும்பங்கள் நம்ம மாவட்டத்தில் எத்தனையோ. களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை, நீங்கள் எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரு வீட்டைக் காட்டுவார்கள். அவர்களும் வாசிக்கட்டும். அதனால் அந்த இடத்தின் பெயரையோ ஊரையோ இங்கே சொல்லப்போவதில்லை. தம்பியின் படமும் போடவில்லை. படம் போடலாமா என்று அவனிடம் கேட்டு, அவனுக்குப் புரிந்து, அவன் பதில் சொல்ல ஒரு வழி கிடைக்கும்வரை போடமாட்டேன்.

தக்கலைச் சந்தைப் பக்கம் அந்தப் பழக்கடை உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஒரு கையில் மட்டி வாழைப்பழச் சீப்பு, இன்னொரு கையில் செந்துழுவன், அதாவது செவ்வாழை. இரண்டையும் தம்பியின் முகத்துக்கு நேரே, கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். எது வேணும் என்றுகூடக் கேட்கவில்லை. கடைக்காரர் இரண்டு தடவை விலை சொன்னார். பின்னால் ஒரு அக்கா முனகத் தொடங்கினார். நீங்கள் அசையவில்லை. அவன் உங்கள் சட்டைப் பொத்தானைப் பார்த்தான், தராசைப் பார்த்தான், ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்தான். பிறகு விரல் நுனியால் செந்துழுவனைத் தொட்டான். அத்தனை வருஷமும் நம்ம வீட்டில் அவனுக்கு மட்டிதான். வயிற்றுக்கு நல்லது, உரிக்க எளிது என்று அம்மா தீர்மானித்தது. அவனுக்கென்று ஒரு ருசி இருப்பதை அன்றைக்கு நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள்.

எப்படி நடந்தது என்று உங்களுக்கே தெரியாது, அதனால் சொல்கிறேன். நம் பேச்சு அவனுக்குள் போய், பொருளாகி, கை அசைவாகத் திரும்பி வர நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் நாம் மறுபடி கேட்கிறோம். நமக்கு அது அதே கேள்வி, அவனுக்குப் புதுக் கேள்வி. முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றதால்தான் அவனுக்குப் பதில் வந்தது. இப்போது வீட்டில் இதையே முறையாகச் செய்கிறோம். முதலில் அவனுக்கு மிகப் பிடித்த பொருள் ஒன்று, கொஞ்சமும் பிடிக்காத பொருள் ஒன்று. நிஜப் பொருளாகவே இருக்க வேண்டும், படம் பிறகுதான். மனதுக்குள் மெதுவாக இருபது வரை எண்ண வேண்டும். எப்போதும் வலது கைப் பக்கத்தையே தொடுகிறானா என்று பார்க்க, அடுத்த தடவை இடம் மாற்றிப் பிடிக்க வேண்டும். பிடிக்காததைத் தவறித் தொட்டாலும் அதைத்தான் கொடுக்க வேண்டும். 'அது உனக்குப் பிடிக்காதே மக்களே' என்று நாம் மாற்றிக் கொடுத்துவிட்டால், தன் கைக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று அவன் கற்றுக்கொள்வான். பொருளில் உறுதிப்பட்ட பிறகு போட்டோ, அதற்குப் பிறகு 'வேண்டாம்' என்ற ஒரு அட்டை. நான் மிகவும் மதிப்பது அந்த அட்டையைத்தான். அது வந்த பிறகு அவன் தன் கையையே கடிப்பது குறைந்திருக்கிறது.

அப்படிக் கடையில் நின்ற நீங்கள்தான், எங்கே தூங்குவது, யாரோடு சாப்பிடுவது என்ற கேள்விக்கு அவன் சார்பில் படிவத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டீர்கள். ஒரு பழத்துக்குக் காத்திருந்த மனுஷனுக்கு இதற்குப் பொறுமை எங்கே போனது?

இவ்வளவு பெரிய விஷயத்தை அவனிடம் எப்படிக் கேட்பது என்பீர்கள். கேட்கலாம். வாயால் கேட்க முடியாது, அவ்வளவுதான். ஒரு நாள் வாசல்வரை போய் வரலாம். அடுத்து அரை மணி நேரம் உள்ளே. பிறகு ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு பகல், ஒரு ராத்திரி. ஒவ்வொரு தடவையும் போகுமுன் போட்டோ காட்டி, திரும்பி வரும் நேரத்தையும் அட்டையில் காட்டி. வந்த பிறகு மூன்று நாள் அவன் தூக்கம், சாப்பாடு, மலம், கையைக் கடிப்பது, எல்லாவற்றையும் குறித்து வைத்தால் அதுதான் பதில். இந்த வழியை அங்கே கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதில்: "அப்படியெல்லாம் பழக்கம் இல்லை. கொண்டு விட்டுட்டு மூணு மாசம் பார்க்க வராதீங்க, தானா சரியாயிருவான்." என் முடிவு அந்தப் பேச்சோடு முடிந்துவிட்டது. மூன்று மாதம் யாரும் வராவிட்டால் பிள்ளை அடங்குவான்தான். அடங்குவதும் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல.

விடுதி எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. வீட்டில் ஆளே இல்லாதவர்களுக்கு நல்ல விடுதி உயிர் காக்கும் இடம். இதை வாசிக்கும் யாராவது தேடிக்கொண்டிருந்தால் கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்கள், அறையை வெளியிலிருந்து பூட்டுகிறார்களா, சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கலாமா, குளியலறைக்குக் கதவு இருக்கிறதா, அவரவர் துணியை அவரவருக்கே திருப்பிக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். அமைதிப்படுத்த மாத்திரை கொடுத்தால் எழுதிய டாக்டர் யார், எடையையும் சர்க்கரையையும் யார் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளில் பசி கூடி எடை ஏறும். அதைக் கண்காணிக்காத இடத்தில் பிள்ளையை விடக் கூடாது.

உங்களைக் கேட்காமல் மனு கொடுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மூத்தவர் நீங்கள். அம்மா இருந்திருந்தால் முதலில் உங்களிடம்தான் சொல்லியிருப்பாள். ஆனால் தினமும் அவன் கூட இருக்கிறவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று உங்கள் காதுக்கும் வந்திருக்கும்: வீட்டுச் சொத்துக்காகத்தான் நான் இத்தனையும் செய்கிறேன் என்று. அதற்கு இங்கே அளந்துதான் பேச முடியும். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசமும் வருகிறது. பாதுகாவலரை நியமிக்கும் உள்ளூர்க் குழுவுக்குக் கலெக்டர் தலைவர். பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் உறுப்பினர்கள். நியமித்த 6 மாதத்துக்குள் அவனுடைய சொத்து முழுவதற்கும் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டாலோ சொத்தைத் தின்றாலோ பாதுகாவலரை நீக்கலாம். சொத்துக்கு ஆசைப்படுகிறவர் வருஷா வருஷம் கலெக்டர் முன்னால் கணக்கு ஒப்படைக்கும் வேலையை விரும்பி ஏற்கமாட்டார். பேசுகிறவர்களிடம் இதை மட்டும் சொல்லுங்கள், மற்றதற்குப் பதில் வேண்டாம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே பாதுகாவலுக்கு வரம்பு உண்டு. அவனும் பாதுகாவலரும் ஒருவரையொருவர் புரிந்து, நம்பி, சேர்ந்து எடுக்கும் முடிவு என்கிறது. ஆகவே பாதுகாவலர் என்ற பட்டம் கிடைத்தாலும் அவன் தட்டில் மட்டியா செந்துழுவனா என்று தீர்மானிக்கும் உரிமை எனக்கு வராது.

அவன் பகல் எப்படிப் போகிறது என்று நீங்கள் கேட்டதே இல்லை. மாமாவின் ரப்பர் தோட்டத்தில் ஒட்டுப்பால், அதாவது சிரட்டையில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பால், எடுக்கிறான், எடைக்குக் கூலி உண்டு. எல்லாரும் இந்தப் பிள்ளைகளை மெழுகுவர்த்திக்கும் பேப்பர் கவருக்கும் உட்கார வைக்கிறார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை இவனுக்கு ஆகாது. நடக்க வேண்டும், கையில் இழுபடுகிற பொருள் வேண்டும், வேலை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். ரப்பர் வரிசையில் மூன்றும் இருக்கிறது. முதல் மரத்திலும் கடைசி மரத்திலும் மஞ்சள் பெயிண்ட் வளையம். மற்றவர்கள் மூக்கைப் பொத்தும் அந்த நாற்றம் அவனைத் தொந்தரவு செய்வதில்லை. சிரட்டையை எடுக்க, ஒட்டியதை உரிக்க, பையில் போட, சிரட்டையைக் கம்பி வளையத்தில் திருப்பி வைக்க: நாலே படி. நாலாவது படிதான் விட்டுப்போகும், ஏனென்றால் உரித்ததுமே அவனுக்கு வேலை முடிந்துவிட்டது. அதனால் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிக்க வேண்டியிருந்தது. முதல் மூன்றை நாம் செய்து, வைப்பதை மட்டும் அவன். அது நிலைத்த பிறகு போடுவதும் வைப்பதும். இப்படியே முன்னால்.

உதவும்போது முன்னால் நிற்கக் கூடாது, பின்னால் நிற்க வேண்டும். கையைப் பிடித்து, பிறகு முழங்கையைத் தொட்டு, பிறகு பக்கத்தில் நின்று, பிறகு ஒரு மரம் தள்ளி. ஒவ்வொரு மரத்துக்கும் 'சபாஷ்' சொன்னால் அதைக் கேட்காமல் அடுத்த மரத்துக்குப் போகமாட்டான். மாமா அப்படித்தான் பழக்கினார், அதைக் கழற்றத்தான் அதிக நாள் பிடித்தது. ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் கலப்பதும், உறைந்ததை ரோலரில் விட்டு ஷீட் அடிப்பதும் அவனுக்குக் கிடையாது. விரல் சிக்கினால் போயிற்று. அடித்த ஷீட்டைக் கழுவிக் கொடியில் போடுவது அவன் வேலைதான்.

மழை பெய்தால்தான் கஷ்டம். இரண்டு பருவமழையும் வாங்கும் ஊர் நம்முடையது. மழையில் பால்வெட்டு நின்றால் அவனுடைய நாள் சரிந்துவிடும். சுவர்ப் பலகையில் வெல்க்ரோ வைத்து ஒட்டிய படங்களில் 'தோட்டம்' இருக்கும் இடத்தில் குடைப் படம் வரும், பக்கத்திலேயே அதற்குப் பதிலான வேலையின் படமும் வரும்: தேங்காய் பொறுக்கி அடுக்குவது. வெறுமனே 'தோட்டம்' படத்தை எடுத்துவிட்டால் அலறுவான். இல்லாமல் போனதற்குப் பதில் என்ன என்று தெரிந்தால் பொறுத்துக்கொள்வான்.

நீங்கள் வருமுன் இன்னும் இரண்டு தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டால் அதட்ட வேண்டாம். பல், காது, மலச்சிக்கல் என்று வரிசையாகப் பாருங்கள். வலியைச் சொல்லத் தெரியாத உடம்பு அப்படித்தான் சொல்லும். இன்னொன்று வலிப்பு. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வளரிளம் பருவத்தில் புதிதாக வலிப்பு தொடங்க வாய்ப்பு கூடுதல். வந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணி வைத்து, மணியைப் பாருங்கள். சாவி கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி.

நீங்கள் அனுப்பும் பணம் இல்லாமல் இந்த வீடு ஓடியிருக்காது. வெயிலில் நின்று சம்பாதித்தது என்று தெரியும். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் வரைதான். தெரபிக்கும் பல்லுக்கும் மேலே ஆகும். ஆனால் பணம் அனுப்புகிறவருக்கு ஓட்டு அதிகம் என்ற கணக்கை அம்மா காலத்திலும் சகித்தேன், இனிச் சகிக்கமாட்டேன். லீவில் முப்பது நாளில் இருபது நாள் கல்யாண வீடுகளில் போகிறது. இந்தத் தடவை அவனோடு பஸ்ஸில் போங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் அவனுக்கும் கூட வருகிறவருக்கும் டிக்கெட் கிடையாது. காலை பத்தரைக்கு மேல் ஏறுங்கள், ஜன்னல் இருக்கை கிடைக்கும். ஷேவிங்கும் நீங்களே செய்யுங்கள். ரேசர் வேண்டாம், டிரிம்மர். முதலில் ஓடவிடாமல் கையில் கொடுத்து, பிறகு ஓடவிட்டு முழங்கையில், தோளில், கடைசியில் தாடையில். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், அவன் இப்போது வளர்ந்த ஆண்பிள்ளை. அதை ஒரு அக்கா செய்வதைவிட அண்ணன் செய்வது அவனுக்கு மரியாதை.

டிக்கெட் போட்டதும் தேதியை அனுப்புங்கள். என்ன சட்டையில் வருவீர்களோ அதைப் போட்டு ஒரு போட்டோவும் வேண்டும், பலகையில் ஒட்ட. விடுதியில் கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்பது என் வேலை இல்லை. அதை நீங்களே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை