புள்ளியைப் பார்த்துப் பயப்படாதே

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள செந்தில்,

கடிதம் கிடைத்தது. இங்கே கணவாய்க் காற்று இன்னும் ஓயவில்லை. மற்றபடி எல்லாரும் சுகம்.

அக்கா மகனுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்கிறார்கள், எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் வெண்பொருளில் (மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் ஓடும் இடம்) மூன்று நாலு புள்ளி என்று போட்டிருக்கிறது, அதுதான் காரணமா என்று கேட்டிருந்தாய். அநேகமாக இல்லை. எம்ஆர்ஐயில் ஃபிளேர் என்ற வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரியும் சின்னப் புள்ளி ரத்த அழுத்தத்தாலும் வரும், ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் இருக்கும். வயது ஏற ஏற நல்ல ஆளுக்கே சாதாரணம்.

மனச்சிதைவில் ஆய்வாளர்கள் பேசும் வெண்பொருள் மாறுபாடு வேறு. அது கண்ணுக்குத் தெரியாது. டிடிஐ என்ற தனி எம்ஆர்ஐ முறையில் மூளைக்குள் நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அளக்கிறார்கள். நரம்பிழைகள் ஒரே திசையில் நெருங்கிப் போனால் நீர் இழையோடுதான் நகரும். இழையைச் சுற்றிய மையலின் என்ற கொழுப்பு உறையும் நீரைக் குறுக்கே விடாது. எல்லாத் திசையும் சமம் என்றால் 0, ஒரே திசை என்றால் 1. இந்த எண்தான் எஃப்ஏ.

2018-இல் எனிக்மா என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு 29 ஆய்வுகளிலிருந்து 1,963 நோயாளிகள், 2,359 நலமானவர்கள் படங்களைச் சேர்த்து அலசியது. 25 பகுதிகளில் 20-இல் நோயாளிகளின் சராசரி எஃப்ஏ குறைவு. ஆனால் மூளை முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலும் வித்தியாசம் சுமார் 0.4 திட்ட விலக்கம்தான் (திட்ட விலக்கம் என்பது ஆளுக்கு ஆள் அந்த எண் இயல்பாக மாறும் அளவு). இரு கூட்டத்தையும் வரைந்தால் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று விழும். தனி ஒருவரின் படத்தை வைத்து நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல வழியில்லை. 'டிடிஐ எடுத்தால் தெரிந்துவிடும்' என்று யாராவது சொன்னால் காசைக் கொடுக்காதே.

எஃப்ஏ குறைந்தாலே மையலின் போய்விட்டது என்பதும் அவசரம். ஸ்கேனில் தலை அசைந்தாலே எண் மாறிவிடும். படபடப்பில் இருப்பவர் அசையாமல் கிடப்பாரா? படத்தின் ஒரு கட்டம் 2 மி.மீ. அளவு. அதற்குள் இரண்டு இழைக்கட்டு குறுக்கே வெட்டினாலும், இழை நன்றாக இருந்தே, எண் இறங்கும்.

ஒன்றை மட்டும் கேட்டுவிடு. இரு பக்கமும் சமமாக, படலம்போல் வெள்ளை பரவியிருக்கிறதா? நடை தள்ளாடுகிறதா, படித்தது மறந்துகொண்டே போகிறதா? மெட்டாகுரோமேட்டிக் லியூக்கோடிஸ்ட்ரோபி என்ற அரிய பரம்பரை நோய் இளவயதில் மனநோய் வேஷத்தில் வரும். அப்படியானால் நரம்பியல் மருத்துவர் ரத்தத்தில் அரைல்சல்ஃபடேஸ் ஏ என்ற நொதியைப் பார்ப்பார். நாலு புள்ளிக்கு அதெல்லாம் வேண்டாம். பிரஷரும் பி12-உம் பார்த்தால் போதும்.

மாத்திரையை மட்டும் புள்ளிக்காக நிறுத்த விடாதே. அடுத்த முறை போகும்போது ரிப்போர்ட் தாளோடு படம் இருக்கும் சிடியையும் மறக்காமல் கொண்டுபோகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்