நாடகத்தை நிறுத்துங்கள், முடிவைக் காட்டிவிட்டு நிறுத்துங்கள்

இலங்கையின் தமிழ்த் தொலைக்காட்சி அலைவரிசைகளில் நிகழ்ச்சிகளைத் தீர்மானிக்கும் பொறுப்பில் இருக்கிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம்.

இரவு ஏழரைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நாடகம் வெள்ளிக்கிழமையோடு நின்றது. திங்கட்கிழமை அதே நேரத்துக்கு வேறு நாடகம் தொடங்கியது. நிறுத்தப்போகிறோம் என்று திரையின் அடியில் ஒரு வரிகூட ஓடவில்லை. ஒரே ஒரு அலைவரிசை ஒரே ஒரு தடவை செய்த வேலை என்றால் அவர்களுக்கு மட்டும் எழுதியிருப்பேன். அப்படி இல்லாதபடியால் பெயர் சொல்லாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நிறுத்த வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. விளம்பரம் வராத நாடகத்தை எத்தனை நாளைக்குக் கொண்டு இழுக்க முடியும்? மொழிமாற்றி ஒளிபரப்புகிற நாடகத்தின் உரிமத்தை இத்தனை பகுதி என்று காசு கொடுத்துத்தான் வாங்குகிறீர்கள். அது முடிந்ததும் அடுத்த கட்டத்தை வாங்கக் கட்டுப்படியாகாமல் போகலாம். நடிகர் விலகிப் போகலாம். எல்லாம் எங்களுக்கு விளங்கும். நிறுத்துவதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், கதை எப்படி முடிகிறது என்பதையும் காட்டிவிட்டு நிறுத்துங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை, மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு தூரம் எழுதுகிறேன் என்பது உங்களுக்குப் பிடிபடும். எங்கள் பெத்தாவுக்கு, அதாவது பாட்டிக்கு, பேப்பர் வாசிக்கக் கண் போதாது. ஏழேகாலுக்கே பாயை விரித்து, வெற்றிலை வட்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பக்கத்து வீட்டு மாமியும் வருவார். அன்று புது நாடகத்தின் பாட்டு வந்ததும், சனல் மாறிப்போச்சு என்று ரிமோட்டைக் கேட்டார் பெத்தா. மாற்றி மாற்றிப் பார்த்தோம். அடுத்ததாக, "டிஷ்ஷுக்குக் காசு போடல்லையா மனே?" என்று கேட்டார். போட்டிருக்கிறோம் பெத்தா, நாடகத்தைத்தான் நிறுத்திவிட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தப் புள்ளட வழக்கு என்னாச்சாம்?" என்றார்.

அந்த நாடகத்தில் ஒரு பெண், தாய் எழுதிக் கொடுத்த வளவை, அதாவது வீட்டுக் காணியை, சகோதரர்கள் பறித்துக்கொண்டதற்காக வழக்குப் போட்டிருந்தாள். கடைசியாக ஒளிபரப்பான பகுதி, நீதவான் தீர்ப்பை வாசிக்கத் தொடங்குகிற இடத்தில் முடிந்தது. பெத்தாவுக்கு அது வெறும் கதை இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. ஒரு பெண்ணுக்கு வளவு போனால் என்ன போகும் என்பது இங்கே ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். பிள்ளை வென்றுவிட்டாள், வளவு அவளுக்கே கிடைத்துவிட்டது என்று நானே ஒரு முடிவைக் கட்டிச் சொன்னேன். "நீ பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கதையா என்று உங்களில் யாருக்காவது தோன்றலாம். கதையைக் கேட்கிறவர்களை இடையில் விட்டுவிட்டுப் போகிற வழக்கம் இந்த மண்ணில் இல்லை. வைகாசி மாதத்தில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வந்து பாருங்கள். செட்டிபாளையத்திலிருந்து தம்பிலுவில் வரைக்கும் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரையை நாள்கணக்காகப் பாடுவார்கள். கோவலன் வெட்டுப்படுகிற இடம் வரும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். மதுரை எரியும். அந்த இடத்தோடு ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. குளிர்த்தி பாடி, அம்மனைக் குளிரவைத்த பிறகுதான் சனம் கலையும். விடியச் சாமமானாலும் அதுவரைக்கும் இருப்பார்கள். அப்படிப்பட்ட சனத்துக்கு முன்னால்தான் நீங்கள் தீர்ப்பு வாசிக்கிற நேரத்தில் திரையை மாற்றுகிறீர்கள்.

எங்களுக்கு நாடகம் எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சன் தொலைக்காட்சியின் "கோலங்கள்" 2003இல் தொடங்கி 2009 வரைக்கும் போனது. அந்த ஆண்டுகளுக்குள் எங்களுக்கு எவ்வளவோ நடந்து முடிந்தது. 2004 மார்கழியில் கடல் வந்தது. 2007இல் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைச் சனம் சட்டி பானையோடு கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்து வந்தது. முகாமிலும் உறவினர் வீட்டுத் திண்ணையிலும் இருந்த பெண்கள், நாளைக்கு எங்கே இருப்போம் என்று தெரியாத நேரத்தில், அந்த நாடகத்தின் நாயகி அபிக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று பேசிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். அடுத்த நாள் என்று ஒன்று நிச்சயமாக இருந்தது அந்தக் கதையில் மட்டும்தான்.

ஆனால் நாடகம் பார்க்கிறவர்களின் கணக்கில் நாங்கள் இல்லை. இந்தியாவில் எந்த நாடகத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை பார்க் (BARC) என்ற அமைப்பு அளக்கிறது. தெரிந்தெடுத்த வீடுகளின் தொலைக்காட்சியில் ஒரு கருவியைப் பொருத்தி, அதிலிருந்துதான் வாராவாரம் டிஆர்பி கணக்கு எடுக்கிறார்கள். அந்த வீடுகள் எல்லாம் இந்தியாவில் இருக்கின்றன. வாழைச்சேனையிலும் அக்கரைப்பற்றிலும் எத்தனை வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் சென்னைக்கு அது தெரியாது. 2020இல் கொரோனாவால் படப்பிடிப்புகள் நின்றபோது, ரேவதி நடித்த "அழகு" இடையிலேயே கைவிடப்பட்டது. அங்கே அதற்குக் காரணம் இருந்தது, உலகமே முடங்கிக் கிடந்தது. சென்னைக்கு எங்களைத் தெரியாததை நான் குறையாகச் சொல்லமாட்டேன். கொழும்பில் இருக்கிற உங்களுக்கும் எங்களைத் தெரியாமல் இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. இலங்கை வானொலிக்கு எங்கள் ஊர்களிலிருந்து போஸ்ட்காட் போகும். அறிவிப்பாளர் கல்முனையையும் ஏறாவூரையும் ஓட்டமாவடியையும் பெயர் சொல்லி வாசிப்பார். வானொலி நாடகம் பிடித்திருந்தால் எழுதுவோம், பிடிக்காவிட்டாலும் எழுதுவோம். பதில் வானலையில் வரும்.

வேறு நாட்டில் இதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் என்பிசி நிறுவனம் "ஸ்டார் ட்ரெக்" தொடரை நிறுத்தப்போகிறது என்ற பேச்சு 1967 கடைசியில் அடிபட்டது. ரசிகர்கள் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. 1968 மார்ச் 1ஆம் தேதி, ஒரு பகுதி முடிந்த கையோடு, தொடர் தொடரும் என்று அந்த நிறுவனமே ஒளிபரப்பில் அறிவித்தது. அடுத்த ஆண்டே தொடரை நிறுத்தினார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் கேட்டவர்களுக்குத் திரையிலேயே பதில் சொன்னார்களே, அதைத்தான் நான் பார்க்கிறேன்.

மற்றது "ஜெரிக்கோ". 2007இல் சிபிஎஸ் அதை ஒரே பருவத்தோடு நிறுத்தியது. கடைசிப் பகுதியில் கதாநாயகன் சொன்ன "நட்ஸ்" (கடலை, கொட்டை என்று பொருள்படும்) என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, ரசிகர்கள் சேர்ந்து ஏறத்தாழ இருபது தொன் நிலக்கடலையை அந்த நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார்கள். நிறுவனம் இறங்கி வந்து இன்னும் ஏழு பகுதிகள் எடுத்தது. என்னைக் கவர்ந்தது கடலை இல்லை, அதற்குப் பிறகு நடந்தது. மீண்டும் நிறுத்த வேண்டி வரலாம் என்று தெரிந்து, அவர்கள் இரண்டு முடிவுகளைப் படம்பிடித்து வைத்தார்கள். தொடர் நீடித்தால் காட்ட ஒன்று, நின்றால் காட்ட ஒன்று. நின்றது. கதையை முடித்துவைக்கிற காட்சி ஒளிபரப்பானது.

இதை ஏன் நாங்களும் செய்யக் கூடாது? சரி, மொழிமாற்று நாடகத்துக்கு நீங்கள் புதிதாகக் காட்சி எடுக்க முடியாது. ஆனால் அந்த நாடகம் அதன் சொந்த மொழியில் ஏற்கெனவே முடிந்திருக்கும். கடைசிப் பகுதி எங்கேயோ இருக்கிறது. உரிமத்தை வாங்கும்போதே கடைசிப் பகுதியையும் சேர்த்து வாங்குங்கள். அதுவும் முடியாவிட்டால், உங்கள் அறிவிப்பாளர் ஒருவர் கமராவுக்கு முன்னால் இருந்து, மிச்சக் கதை இதுதான், வழக்கில் அவள் வென்றாள் அல்லது தோற்றாள் என்று பத்து நிமிடம் சொல்லட்டும். பெத்தா அதை நம்புவார். உள்ளூரில் எடுக்கிற நாடகத்துக்கு இந்தச் சாக்கும் இல்லை. எழுத்துப் பிரதி முழுவதும் கையில் இல்லாமல் படப்பிடிப்பைத் தொடங்காதீர்கள். தொடங்கும்போதே இத்தனை பகுதி என்று சொல்லிவிடுங்கள், இரண்டாவது முடிவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் நாடகத்தைப் பற்றிப் பேச்சு வந்தபடியால் ஒன்று. 2006ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் வெளிநாட்டுத் தொலைக்காட்சி நாடகங்களுக்குத் தீர்வை விதித்தார்கள். உள்ளூர் ஆட்களுக்கு வேலை வரட்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் எங்கள் பேச்சு, எங்கள் வாவி, எங்கள் வயல் வருகிற தமிழ் நாடகத்தை இன்னும் விரல் விட்டுத்தான் எண்ண வேண்டியிருக்கிறது. வருகிற ஒன்றிரண்டும் பாதியில் நின்றுபோனால் நடிக்க வருகிற பிள்ளைகளுக்கு மனம் விட்டுப்போகும். கூத்தாடிப் பழகிய பிள்ளைகள் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை வைத்து ஒரு நல்ல கதை எடுத்தால் நாங்கள் மட்டும் பார்க்கமாட்டோம், கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற எங்கள் ஆட்களும் பார்ப்பார்கள்.

கிரிக்கெட் போட்டி நீண்டு நாடகம் தள்ளிப்போவது, நோன்பு மாதத்தில் நேரம் மாறுவது எல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் இருக்கிற என் சிநேகிதிகள் நோன்பு காலத்து மாற்றத்தைச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். பெருநாளுக்குப் பிறகு நாடகம் திரும்பி வருமா, எந்த நேரத்துக்கு வரும் என்பதை மட்டும் முன்னமே சொல்லச் சொல்கிறார்கள்.

நிறுத்த வேண்டியதை நிறுத்தாமல் இழுப்பதும் பிழைதான். செத்த பாத்திரம் எழும்பி வருவதையும், ஒரு கல்யாணம் ஒரு மாதமாக நடப்பதையும் நாங்களும் விரும்பவில்லை. நல்ல நாடகம் என்றால் அடுத்த பருவம் வரும் என்று துணிந்து சொல்லுங்கள், காத்திருக்கிறோம். சரியில்லை என்றால் இரண்டு கிழமைக்கு முன்னமே சொல்லி மரியாதையாக முடியுங்கள். திரையில் ஓடும் எழுத்தாக மட்டும் போடாமல் குரலிலும் சொல்லுங்கள், பெத்தா மாதிரி வாசிக்க முடியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உங்களில் யாராவது நேரில் வந்து கேட்க விரும்பினால் மட்டக்களப்பு நகரில் தேவநாயகம் மண்டபம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பின்நேரமாக ஒரு திகதியைத் தாருங்கள். படுவான்கரையிலிருந்தும் கல்முனைப் பக்கமிருந்தும் ஆட்களைக் கூட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வரும்போது, அந்த வழக்கில் என்ன தீர்ப்பு என்பதைக் கேட்டறிந்துகொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு நேயர்