துப்பாக்கி சைலன்சரும் டெசிபல் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ரைபிள் சைலன்சர்களை ஒப்பிட்டுத் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை, திருமங்கலத்தில் ராணுவத் தேர்வுக்காக ஓடிப் பழகும் பையன்கள் டீக்கடையில் வைத்து அலசித் தீர்த்துவிட்டார்கள். அவர்கள் யாரும் இதை வாங்கப் போவதில்லை. நம் ஆயுதச் சட்டம் விடாது. ஆனாலும், டெசிபல் அதிகம் குறைப்பதே முதல் தரம் என்று தாங்கள் போட்ட வரிசை தவறு. படையில் ஆர்மரராக ரைபிள்களைக் கழற்றி மாட்டியே காலம் கழித்தவன் நான்.

சினிமாவில் கேட்கும் 'புஸ்' ஓசையை முதலில் மறந்துவிட வேண்டும். 5.56 மி.மீ. குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஒலியின் வேகம் 340 சொச்சம்தான். குண்டு காற்றைக் கிழித்துப் போகும் சத்தத்தை எந்த சைலன்சரும் அடக்காது. 160 டெசிபல் அளவுள்ள முழக்கத்தில் 25, 30 குறைந்தாலே பெரிய காரியம்.

அதற்கும் விலை உண்டு. சைலன்சரின் நீளமும் பருமனும் கூடினால், வெடிமருந்து எரிந்து வரும் வாயு விரிந்து ஆற இடம் கிடைக்கும், ஓசை குறையும். ஆனால் குழல் நுனியில் அரை கிலோ கூடுதலாகத் தொங்கும். தொரட்டியால் முருங்கைக்காய் பறித்தவருக்கு நுனியில் ஏறும் எடையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. டைட்டானியத்தில் செய்தால் எடை குறையும். விடாமல் சுட்டுச் சூடேறும்போது எஃகு அளவுக்குத் தாங்காது. வெளிநாட்டில் மான் வேட்டைக்குப் போய் இரண்டு தோட்டா சுடுபவருக்கு அது போதும். சிப்பாய்க்குப் போதாது.

கட்டுரை தொடாமலே விட்டது பின்னோக்கி வரும் வாயுவை. உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகள் வாயுவைப் பிடித்து நிறுத்துகின்றன; அதில் ஒரு பங்கு குழல் வழியே திரும்பி வருகிறது. அந்த வாயுவின் விசையாலேயே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிளில், குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் போல்ட் அளவுக்கு மீறி வேகமாகப் பின்னே அடிக்கும். பாகங்கள் தேயும், கரி அப்பும், சுடுபவரின் கண்ணிலும் மூக்கிலும் புகை ஏறும். அமெரிக்கத் தரைப்படை 2022-இல் தேர்ந்தெடுத்த புதிய ரைபிளின் சைலன்சரை வடிவமைத்தபோது, இந்தப் புகையைக் குறைப்பதும் ஒரு நோக்கமாக இருந்தது.

காதுக்கும் இது பொருந்தும். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்குக் குழல் முனையின் ஓசை இடது காதைத்தான் அதிகம் தாக்கும். என் இடது காதில் நிற்காத இரைச்சல் அப்படி வந்ததுதான். வலது காதுப் பக்கமோ காலித் தோட்டா வெளியேறும் வாய் இருக்கிறது. திரும்பி வரும் வாயு அங்கேதான் வெடித்து வெளியேறும். முனையில் அளந்து முதலிடம் பெற்ற சைலன்சர், சுடுபவரின் வலது காதருகே அளந்தால் பின்னுக்குப் போகலாம். (1909-இல் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்ற ஹிராம் பெர்சி மாக்சிம், இயந்திரத் துப்பாக்கி செய்த மாக்சிமின் மகன். அப்பா தன் துப்பாக்கிச் சத்தத்தாலேயே செவிடானவர்.)

தங்கள் அட்டவணையில் உள்ள எண்கள் எங்கே வைத்து அளந்தவை, எத்தனை தோட்டா சுட்ட பிறகு அளந்தவை என்பதை அடுத்த ஞாயிறாவது வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

முன்னாள் ஹவில்தார் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.